முன்பணம் கட்டிய ரசிகர்கள்

2023 செப்டம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில், பனையூர் ஆதித்யராம் பேலஸ் சிட்டி மைதானத்தில் ஏ.ஆர். ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ இசை நிகழ்ச்சி நடந்தது. 1992 ஆகஸ்டில் ‘ரோஜா’ வெளிவந்து முப்பது ஆண்டுகள் ஆனதைக் கொண்டாடும் மேடை அது. முதலில் ஆகஸ்ட் 12 என்று நாள் குறித்திருந்தார்கள். மழை பெய்ததால் தள்ளிப்போனது. ஆகவே அன்று வந்தவர்களில் பெரும்பாலோர் டிக்கெட்டைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள். பலர் குடும்பத்தோடு, கைக்குழந்தையோடு, வயதான பெற்றோரோடு கிளம்பியிருந்தார்கள்.

வாசலில் நடந்தது ஊரறிந்த கதை. வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று தரம் பிரித்து ஆயிரக்கணக்கில் விற்ற டிக்கெட்டுகள் அத்தனையும் ஒரே நெரிசலில் சமமாகிவிட்டன. வண்டியை எங்கோ நிறுத்திவிட்டு நெடுந்தூரம் நடந்து வந்தவர்களுக்கு, உள்ளே இடமில்லை என்ற பதில்தான் கிடைத்தது. குழந்தைகள் பெற்றோரின் கையை விட்டுத் தவறினார்கள். கூட்டத்தில் தங்களிடம் அத்துமீறினார்கள் என்று பெண்கள் வெளிப்படையாகவே எழுதினார்கள். பாடல் கேட்கிறதா, மேடை தெரிகிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகான கேள்விகள். காவல்துறையிடம் சொல்லப்பட்ட கணக்கு இருபதாயிரத்தை ஒட்டியது, திரண்டவர்கள் அதைப்போல இரு மடங்குக்கு நெருக்கமாக இருந்தார்கள் என்று அன்றைய செய்திகள் கூறின.

தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கத்திலிருந்து பனையூருக்குப் போகிறவருக்கு ரயில் கிடையாது. சோழிங்கநல்லூர் சந்திப்புக்கு வந்து, பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்டி, அக்கரையில் ஏறி, தெற்கே திரும்ப வேண்டும். நகரத்துக்குள்ளிருந்து வருகிறவர்களும் அதே கடற்கரைச் சாலையில்தான் வருவார்கள். ஞாயிறு மாலை என்றால் மாமல்லபுரம் போய்த் திரும்புகிற கார்கள் வேறு. அந்தச் சாலையின் தாங்கும் சக்தி தென்சென்னையில் வீட்டு வாடகை கட்டும் எவருக்கும் தெரியும். அன்றைய நெரிசலில் முதலமைச்சரின் வாகன அணிவகுப்பே சிக்கிக்கொண்டது.

பனையூர் வருவது தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்தின் எல்லையில். 2022 ஜனவரி 1 அன்றுதான் அந்த ஆணையரகம் செயல்படத் தொடங்கியது. தாம்பரம் மாநகராட்சி உருவானதும் அதற்குச் சற்று முன்பு, 2021 நவம்பரில். இளம் நிர்வாகம், பெருங்கூட்டம், ஒற்றைச் சாலை. விளைவாக ஆணையர் நேரில் விசாரித்தார். நிகழ்ச்சியை நடத்திய ஏ.சி.டி.சி. நிறுவனத்தின் மீது கானாத்தூர் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது, ஐ.பி.எஸ். அதிகாரிகள் இருவர் மாற்றப்பட்டார்கள்.

ரஹ்மான் மறுநாளே பேசினார். டிக்கெட் வாங்கியும் உள்ளே வர முடியாதவர்கள் அதன் பிரதியை அனுப்பும்படி கேட்டுக்கொண்டார். பணம் திருப்பித் தரப்படும் என்ற உறுதி வந்தது. முழுப் பொறுப்பும் தங்களுடையதே என்று நிறுவனம் அறிவித்தது. ஆங்கில நாளேட்டுக்குத் தந்த பேட்டியில், இந்த முறை தானே பலியாடாக இருந்துவிட்டுப் போவதாகவும், நகரத்தின் கட்டமைப்பு மாற அது உதவட்டும் என்றும் சொன்னார். அதே பேட்டியில் இன்னொன்றும் சொன்னார். இசையமைப்பாளர் என்ற முறையில் நல்ல நிகழ்ச்சியைத் தருவதே தன் வேலையென்று நினைத்ததாகவும், மழை வரக்கூடாது என்பதே தன் கவலையாக இருந்ததாகவும், வெளியே நடந்தது எதுவும் தெரியாமல் உள்ளே மகிழ்ச்சியாக வாசித்துக்கொண்டிருந்ததாகவும் அதன் சாரம்.

அதை நம்பாமல் இருக்கக் காரணமில்லை. ஆனால் அன்றைய ஏமாற்றத்தின் வேர் அந்த விளக்கத்திலேயே இருக்கிறது. ஏ.சி.டி.சி. என்ற நான்கு எழுத்தை நம்பி யாரும் டிக்கெட் வாங்கவில்லை. ரஹ்மான் என்ற பெயரை நம்பி வாங்கினார்கள். விற்கும்போது முன்னால் நிற்கும் பெயர், வாசலில் தகராறு வரும்போது பின்னால் போய்விடுகிறது. இந்த ஏற்பாட்டில் தனிப்பட்ட வஞ்சகம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. இன்றைய பெரிய மேடையும் பெரிய படமும் இயங்கும் விதமே இதுதான்: பொருள் கைக்கு வருமுன்பே வாக்குறுதிக்கு விலை வாங்கப்படுகிறது, அந்த வாக்குறுதிக்கு ஈடாக ஒரு நாயகனின் பெயர் வைக்கப்படுகிறது, நஷ்டம் மட்டும் முன்பணம் கட்டியவரின் கணக்கில் எழுதப்படுகிறது.

ஏமாற்றத்தில் வகைகள் உண்டு. 2017 ஜூலையில் லண்டன் வெம்ப்ளியில் ரஹ்மான் நடத்திய ‘நேற்று இன்று நாளை’ நிகழ்ச்சியில் இந்தி ரசிகர்கள் சிலர் தமிழ்ப் பாட்டு அதிகம் என்று பாதியில் எழுந்து போனார்கள், பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். நிகழ்ச்சியின் பெயரே தமிழில் இருந்தது என்று தமிழர்கள் பதில் சொன்னார்கள். அது ருசியைப் பற்றிய சண்டை. 2024 பிப்ரவரி 9 அன்று யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரன் பாடிய மேடையில் நடந்தது வேறு. கட்டணம் செலுத்தியோருக்கென்று வேலி போட்டுப் பிரித்த பகுதிக்குள் இலவசப் பகுதியின் கூட்டம் உடைத்துக்கொண்டு நுழைந்தது. நிகழ்ச்சி இடையில் நின்றது. பனையூரும் முற்றவெளியும் ஒரே வகை. பாடகர் நன்றாகப் பாடினாரா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லாமல் போயிற்று.

பனையூரின் எதிரொலி சினிமாவுக்கும் உடனே வந்தது. அதே 2023 செப்டம்பர் 30 அன்று நேரு உள்விளையாட்டரங்கில் நடக்கவிருந்த ‘லியோ’ இசை வெளியீட்டு விழாவை, பாஸ் கேட்டு வந்த கூட்டத்தையும் பாதுகாப்பையும் காரணம் காட்டித் தயாரிப்பு நிறுவனம் நான்கு நாளுக்கு முன்பு ரத்து செய்தது. அரசியல் நெருக்கடி எதுவும் இல்லை என்றும் சேர்த்துச் சொன்னது. அக்டோபர் 5 அன்று கோயம்பேடு ரோகிணி தியேட்டரில் டிரெய்லரை மட்டும் திரையிட்டபோது நாற்காலிகள் நொறுங்கின. படம் வருவதற்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

இசை வெளியீடு ஒரு காலத்தில் கேசட்டை நீட்டிப் படம் எடுத்துக்கொள்ளும் அரைமணி நேரச் சடங்கு. இன்று அதுவே தனியாக ஒளிபரப்பு உரிமை விற்கப்படும் நிகழ்ச்சி. நாயகன் சொல்லும் குட்டிக் கதை, இசையமைப்பாளரின் நேரடி மேடை, நடனம், கண்ணீர் எல்லாம் அதில் உண்டு. அந்த விழாக்களில் ஒன்று 2025 மே 24 அன்று மேற்குத் தாம்பரம் சாய்ராம் பொறியியல் கல்லூரி வளாகத்தில் நடந்தது. படம் ‘தக் லைஃப்’. 1987-இல் ‘நாயகன்’ தந்த கமல்ஹாசனும் மணிரத்னமும் முப்பத்தெட்டு ஆண்டு கழித்துச் சேர்ந்த படம், இசை ரஹ்மான். இந்திய-பாகிஸ்தான் எல்லைப் பதற்றத்தால் மே 16-லிருந்து தள்ளிப்போன விழா அது.

அந்த மேடையில் இரண்டு சம்பவங்கள். கன்னட நடிகர் சிவராஜ்குமாரைப் பார்த்து, கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்ற பொருளில் கமல் பேசினார். அதன் விளைவாகப் படம் ஜூன் 5 அன்று கர்நாடகத்தில் வெளியாகவில்லை, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. மற்றொன்று ‘முத்த மழை’. தமிழில் அந்தப் பாடலைப் பாடியவர் தீ. அன்று அவர் மேடையில் இல்லை. இந்தியிலும் தெலுங்கிலும் அதைப் பாடியிருந்த சின்மயி தமிழில் பாடினார். தமிழ்த் திரையுலகில் 2018 ‘மீ டூ’ புகாருக்குப் பிறகு அவருக்கு எதிராக இருந்த கெடுபிடிகள் எல்லாரும் அறிந்தவை. அதனால் அந்த ஐந்தாறு நிமிடத்துக்குப் பாட்டைத் தாண்டிய ஒரு கனமும் சேர்ந்துகொண்டது. ஒலிப்பதிவில் தீயின் குரல் தாழ்ந்து, புகைபோலப் பரவும். மேடையில் சின்மயி அதே மெட்டைச் சுருதி சுத்தத்தோடு விரித்துக் காட்டினார். அந்த வீடியோ பரவிய வேகத்தில், எந்தக் குரல் மேல் என்று தமிழகமே இரண்டாகப் பிரிந்து வாதிட்டது.

ஜூன் 5 அன்று தியேட்டருக்குப் போனவர்கள் அந்தப் பாட்டுக்காகக் காத்திருந்தார்கள். வரவில்லை. தீயின் குரலிலும் இல்லை, சின்மயியின் குரலிலும் இல்லை. படத்தொகுப்பில் அந்தப் பாடலே இடம்பெறவில்லை; காணொளி பிறகு யூடியூபில் வந்தது. எட்டு வாரம் கழித்தே ஓ.டி.டி.யில் வரும் என்று அறிவிக்கப்பட்டிருந்த படம், நான்கே வாரத்தில், ஜூலை 3 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்துவிட்டது. ‘நாயகன்’ மாதிரி ஒன்றை எதிர்பார்த்தவர்களிடம் மணிரத்னம் பின்னர் ஒரு பேட்டியில் வருத்தம் தெரிவித்தார். மறுபடி அந்த இடத்துக்குப் போவது தங்கள் நோக்கமாகவே இருக்கவில்லை, ரசிகர்களின் எதிர்பார்ப்பு வேறாக இருந்துவிட்டது என்றார். அந்த எதிர்பார்ப்பை வளர்த்ததில் ‘நாயகன்’ கூட்டணி மீண்டும் என்ற விளம்பரத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்ல முடியுமா?

விளம்பரத்தில் காட்டிய பாட்டு படத்தில் இல்லையென்றால் சட்டம் என்ன சொல்லும்? இதற்கு விடை ஏற்கெனவே இருக்கிறது. 2016-இல் ஷாருக்கான் நடித்த ‘ஃபேன்’ படத்தின் விளம்பரங்களில் ‘ஜப்ரா ஃபேன்’ என்ற பாடல் ஓயாமல் வந்தது. அதைப் பார்க்கவென்றே குழந்தைகளோடு போன மகாராஷ்டிர ஆசிரியை ஒருவர், பாட்டு படத்தில் இல்லாததைக் கண்டு நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். மாவட்ட மன்றம் தள்ளுபடி செய்தது. மாநில ஆணையம் 10,000 ரூபாய் இழப்பீடும் 5,000 ரூபாய் வழக்குச் செலவும் தரச் சொன்னது. தேசிய ஆணையமும் அதை ஏற்றது. 2024 ஏப்ரல் 22 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புகளை ரத்து செய்தது. டிரெய்லர் என்பது ஒப்பந்தத்துக்கான முன்மொழிவோ வாக்குறுதியோ ஆகாது, அதில் வந்தது படத்தில் இல்லாததைச் சேவைக் குறைபாடு என்று சொல்ல முடியாது என்பது அதன் முடிவு. கலைப் படைப்பைச் சோப்புக் கட்டியைப் போல அளக்கக்கூடாது என்ற எச்சரிக்கையில் நியாயம் இருக்கிறது. ஆனால் விற்கும்போது சோப்புக் கட்டியைப் போலத்தானே விற்கிறார்கள் என்ற கேள்வியும் நிற்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறான விளம்பரத்தில் முகம் காட்டும் பிரபலங்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது. அது எண்ணெய்க்கும் முகப்பூச்சுக்கும் வரும். தன் படத்துக்குத் தானே செய்யும் விளம்பரத்தில் அந்தப் பேச்சு எழுவதே இல்லை.

அதிரடிப் படங்களில் இந்த முன்விற்பனையின் முழு வேகத்தையும் பார்க்கலாம். பாடல் உரிமை, ஓ.டி.டி., தொலைக்காட்சி, வெளிநாடு எனப் பலவும் படம் முடியுமுன்பே விலை போகின்றன. அந்த விலை நிற்க வேண்டுமானால் எதிர்பார்ப்பு மாதக்கணக்கில் கொதித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் அறிவிப்பு, தலைப்பு டீசர், முதல் பாடல், பிறந்தநாள் போஸ்டர், டிரெய்லர் என்று படிக்கட்டு நீள்கிறது. இதில் பாதிப் படிகளைச் சுமப்பவர் இசையமைப்பாளர். அனிருத்தின் ‘அரபிக் குத்து’ 2022 பிப்ரவரி 14 அன்று வந்தது. ‘பீஸ்ட்’ வந்தது ஏப்ரல் 13 அன்று. இடைப்பட்ட இரண்டு மாதமும் நாட்டின் கல்யாண மண்டபங்கள் அந்தப் பாட்டுக்கு ஆடின. படத்தின் முடிவிலோ நாயகன் போர் விமானத்தை ஓட்டிக்கொண்டு எல்லை தாண்டிப் போகிறார். தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருக்கிறது. விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கே பயிற்சி தரும் பள்ளி 1954 முதல் அங்கே நடக்கிறது. சேலையூர், செம்பாக்கம் மொட்டைமாடிகளிலிருந்து பயிற்சி விமானங்களைப் பார்த்தே வளர்ந்த இளைஞர்களுக்கு அந்தக் காட்சியில் சிரிப்பு வந்தால் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

‘இந்தியன் 2’ 2024 ஜூலை 12 அன்று மூன்று மணி நேரப் படமாக வந்தது. தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுமார் 12 நிமிடம் வெட்டப்பட்டது. முதல் நாள் பணம் கட்டியவர் பார்த்தது, தயாரித்தவர்களே பிறகு திருத்திக்கொண்ட பிரதியை. ‘கங்குவா’வுக்கு முன் அதன் தயாரிப்பாளர் இரண்டாயிரம் கோடி ரூபாய் வசூலைப் பற்றிப் பேசினார். 2024 நவம்பர் 14 அன்று படம் வந்ததும் எழுந்த முதல் புகார் கதையைப் பற்றியதல்ல, காதைப் பற்றியது. இரைச்சல் தாங்கவில்லை என்றார்கள். ஒலியை இரண்டு புள்ளி குறைத்து வைக்கும்படி தியேட்டர்களிடம் கேட்டுக்கொண்டதாகத் தயாரிப்பாளரே சொன்னார். ஆஸ்கர் விருது பெற்ற ஒலிக் கலைஞர் ரசூல் பூக்குட்டி, இதில் குற்றம் ஒலிக்கலவை செய்தவருடையதா, கடைசி நேரப் பதற்றத்தில் சொல்லப்படும் திருத்தங்களுடையதா என்று பொதுவெளியில் கேட்டார். நாயகனின் மனைவி ஜோதிகாவே முதல் அரைமணி நேரம் சரியில்லை, சத்தம் உறுத்துகிறது என்று ஒப்புக்கொண்டு எழுதினார்.

பூக்குட்டி தொட்டது முக்கியமான இடம். எதிர்பார்ப்பு எவ்வளவு உயருகிறதோ அவ்வளவுக்குப் பயமும் உயருகிறது. காட்சி தனியே நிற்காது என்ற பயத்தில் பின்னணி இசையைக் கூட்டுகிறார்கள். இசை போதாது என்ற பயத்தில் சத்தத்தைக் கூட்டுகிறார்கள். இப்படித்தான் ஒரு நல்ல இசையமைப்பாளர் பெரிய படத்தில் வெறும் இரைச்சலாகக் கேட்கிறார். இசை நாயகர் மீதான ஏமாற்றமும் அதிரடிப் படத்தின் மீதான ஏமாற்றமும் ஒரே நாற்காலியில், ஒரே நேரத்தில் நேர்கின்றன.

இனி, பணம் யாருக்குத் திரும்பியது என்று பார்க்கலாம். 2002 ஆகஸ்ட் 15 அன்று வந்த ‘பாபா’ தோற்றபோது ரஜினிகாந்த் விநியோகஸ்தர்களின் நஷ்டத்தை ஈடுகட்டினார். அதைத் தமிழ் சினிமா இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. 2014 டிசம்பர் 12 அன்று வந்த ‘லிங்கா’வுக்கு விநியோகஸ்தர்கள் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார்கள், பிச்சை எடுக்கும் போராட்டம் அறிவித்தார்கள், கடைசியில் ஒரு தொகை பேசி முடிக்கப்பட்டது. (இரண்டு படத்துக்கும் இசை ரஹ்மான்தான்.) பனையூரில் டிக்கெட் பிரதி காட்டியவர்களுக்குப் பணம் தர ஏற்பாடு நடந்தது. முதல் நாள் காட்சிக்கு அரசு நிர்ணயித்த விலையைப்போலப் பல மடங்கு கொடுத்து ‘ரசிகர் காட்சி’ பார்த்தவருக்கு மட்டும் இந்தப் பட்டியலில் எங்கும் இடமில்லை. அவர் கொடுத்த கூடுதல் பணத்துக்கு ரசீதும் கிடையாது.

அவரிடம் மிஞ்சியது வாய். தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டினால் கோபத்தைக் கொட்டுவார். ‘கங்குவா’வுக்குப் பிறகு அதையும் அடைக்கப் பார்த்தார்கள். முதல் நாள் தியேட்டர் வளாகத்தில் யூடியூபர்களைப் பேட்டி எடுக்க விடக்கூடாது என்று தயாரிப்பாளர்கள் கேட்டார்கள். முதல் மூன்று நாள் விமர்சனத்துக்குத் தடை கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. பாராட்டுக்கு இந்த மூன்று நாள் கட்டுப்பாட்டை எவரும் கேட்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளலாம். அவதூறுக்காகவே காணொளி போடுகிறவர்கள் இருக்கிறார்கள், உண்மை. ஆனால் ஆறு மாதம் தான் மட்டுமே பேசிய ஒரு தரப்பு, மூன்று நாள் மற்றவர் பேசாமல் இருக்க வேண்டும் என்று கேட்பதில் சமநிலை இல்லை.

ரசிகருக்கும் இதில் பங்கு உண்டு என்று சொல்வார்கள். 2023 ஜனவரியில் ‘துணிவு’ முதல் காட்சிக் கொண்டாட்டத்தில் ஓடும் லாரியிலிருந்து விழுந்து ஓர் இளைஞர் உயிரிழந்தார். அதன் பிறகே அதிகாலைக் காட்சிகளுக்கு அரசு தடை போட்டது. அந்த வெறியை நியாயப்படுத்த வழியில்லை. ஆனால் ரசிகர்கள் எதைக் கொடுத்தாலும் விழுங்குகிறவர்கள் என்பது தவறு. 2004-இல் வந்த ‘கில்லி’ 2024 ஏப்ரலில் மறுவெளியீடானபோது குரோம்பேட்டை வெற்றி தியேட்டர் திருவிழாக் கோலம் பூண்டது. ஒவ்வொரு வசனமும் மனப்பாடமான படத்துக்கு ஏன் அந்தக் கூட்டம்? அங்கே புதிய வாக்குறுதி எதுவும் இல்லை. கொடுக்கிற காசுக்கு என்ன கிடைக்கும் என்பது இருபது வருடமாகத் தெரியும். அதே 2024 செப்டம்பரில் பெரிய ஆரவாரமில்லாமல் வந்த ‘லப்பர் பந்து’, இளையராஜாவின் பழைய பாட்டொன்றை வைத்தே தியேட்டரை ஆட வைத்தது. 2025 மே மாதத்தில் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ வாய்மொழியாலேயே வாரக்கணக்கில் ஓடியது. இசை மீதும் நாயகன் மீதும் உள்ள பிரியம் குறையவில்லை. முன்பணம் கட்டச் சொல்லும் கூட்டத்தின் மீதான நம்பிக்கைதான் குறைந்திருக்கிறது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. மைதானத்தில் எத்தனை பேருக்கு அனுமதி, எத்தனை டிக்கெட் விற்கப்பட்டது என்ற இரண்டு எண்களையும் நிகழ்ச்சிக்கு முன்பே காவல் ஆணையரகம் பொதுவில் வெளியிடலாம். வாகன நிறுத்தமும் கூடுதல் பேருந்தும் உறுதியாகாமல் கடற்கரைச் சாலையில் பெருங்கூட்டத்துக்கு அனுமதி இல்லை என்று சொல்லலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் கலைஞர், தன் ஊதியத்தோடு சேர்த்து ரசிகர் வெளியேறும் வழியையும் ஒரு நிபந்தனையாக எழுதச் சொல்லலாம். அந்தப் பேரம் பேசும் பலம் ரஹ்மான் போன்ற ஒருவருக்கு இல்லையென்றால் வேறு யாருக்கும் இல்லை. விளம்பரத்தில் தனியாக வெளியிட்ட பாடல் படத்தில் இல்லையென்றால், முன்பதிவு தொடங்கும் நாளில் அதை ஒரு வரியில் அறிவிக்கலாம்.

இவை நடக்கும்வரை ரசிகர் இரண்டு காரியங்கள் செய்யலாம். கச்சேரிக்கு டிக்கெட் வாங்கினால் அதைப் பத்திரப்படுத்துங்கள், பணம் திரும்பக் கேட்க அது ஒன்றுதான் ஆதாரம். அதிரடிப் படம் என்றால் வெள்ளிக்கிழமை காலைக் காட்சியை விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் அதே படம்தான் ஓடும், டிக்கெட் அரசு சொன்ன விலைக்கே கிடைக்கும், பார்த்துவிட்டு வந்தவரிடம் நல்லதா என்று கேட்டும் தெரிந்துகொள்ளலாம்.